உங்கள் மாற்றாந்தந்தையிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

என் பதினொன்றாம் வயதில் அம்மாவை மறுமணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவரை நான் கடைசிவரை 'சித்தப்பா' என்றே அழைத்தேன். கோவையை அடுத்த ஒரு சிற்றூரில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் பட்டறை வைத்திருந்தார். என்னை வேறு பள்ளியில் சேர்த்தபோது அவர் பெயரையே இனிஷியலாகப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். மறைந்த என் தந்தையின் எழுத்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் மட்டும் தம் பெயரை எழுதினார். என்னைப் பிள்ளையாக ஏற்க அவருக்கு மனமில்லையோ என்றுதான் அன்று நினைத்தேன்.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கப்பாசிட்டரை இணைத்து, மூன்று பேஸுக்கு (முனைக்கு) பதில் இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டும் வழக்கம் எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் உண்டு. எரிந்து வரும் மோட்டாரைத் திறந்ததுமே, காயில் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை கூடியிருக்கும் அல்லது மின்னழுத்தம் குறைந்திருக்கும் என்றும், மூன்று பேஸ் சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் ஸ்டார் இணைப்பில் மூன்றில் ஒரு பங்கு கருகாமல் நின்றால் ஒரு பேஸ் போனபின்னும் ஓடியிருக்கிறது என்றும் சொல்லிவிடுவார். காரணத்தைச் சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் அதே மோட்டார் விரைவில் திரும்பி வரும்; பட்டறைக்கு அது வருமானம்தான், ஆனால் அந்த வருமானம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பழைய செம்புக் கம்பியையும் உரிமையாளரின் கண்முன்னே எடைபோட்டுக் கூலியில் கழித்துவிடுவார்.

பழைய சுருளில் எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதாமல் அவர் புதுக் கம்பியைத் தொட்டதில்லை. வார்னிஷ் கருகி ஒட்டிக்கிடக்கும் முனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணும் அந்த வேலை ப்ளஸ் டூ விடுமுறையில் என்னிடம் வந்தது. வானொலியில் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே எண்ணி, 56 என்று எழுதினேன். சுற்று குறைந்தால் சுமை இல்லாதபோதே மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். அவர் ஊரில் இல்லாத நாளில் நானே கட்டி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று காட்டும் டாங் டெஸ்டர் வைத்துப் பார்க்காமலே கொடுத்தனுப்பிவிட்டேன். நான்காம் நாள் எரிந்து வந்தது.

சாக்கில் கிடந்த பழைய சுருள் ஒன்றை எடுத்து அவரே எண்ணினார்: 62. விவசாயியிடம், "தப்பு எங்க பட்டறையோடதுங்க, கம்பி எங்க செலவுங்க" என்றார். பையன் செய்தது என்று சொல்லவில்லை. அடுத்து வந்த மோட்டாரையும் என்னிடமே கொடுத்தார். நான் எண்ணத் தொடங்கியதும் எழுந்து சென்று வானொலியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.