எதிர்வீட்டில் கார் வந்தால் நம் ஸ்கூட்டர் ஏன் பழசாகிறது?

அடுத்தவரிடம் இருப்பதோடு ஒப்பிடாமல் நிறைவாக இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்பிடுவதை அடியோடு விட முடியாது. சரியான அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரை வைத்தே தங்களை அளக்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார்.

ஆனால் யாரோடு என்பது முக்கியம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் காட்சிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் கண் தங்கத்தின் மேல். வெண்கலக்காரருக்கோ, வெறுங்கையோடு போகாமல் தப்பித்தோமே என்ற நிம்மதி.

என் ஸ்கூட்டருக்கு 11 வயது. சீட் ஓரத்தில் பஞ்சு எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டில் கார் வந்த வாரம் அது திடீரென்று ஓட்டை வண்டியாகத் தெரிந்தது. வண்டியில் ஒன்றுமே மாறவில்லை! அப்புறம் 300 ரூபாய்க்கு சீட் உறை மாற்றி, நானே உட்கார்ந்து துடைத்தேன். கை அதில் இருந்தவரை கண் எதிர்வீட்டுக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் எதையாவது வாங்கும் முன், 'யாருக்குமே தெரியாதென்றால் இதை வாங்குவேனா?' என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய டிவி அதில் அடிபட்டுப் போனது. மிக்ஸி தப்பித்தது, பழையதில் சட்னி அரைபடவே இல்லை.