பிரேக் பிடித்தால் மட்டும் இழுக்கிற காருக்கு அலைன்மெண்ட் மருந்தில்லை

காரைக்குடி வீட்டு ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற கார், இப்போது பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் உதறுகிறது, இரண்டு தடவை அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரேக்கில் கால் வைக்காதபோது நேராக ஓடுகிறதா? அப்படியானால் அலைன்மெண்டுக்குக் கொடுத்த காசு வீண். வெளியூரில் இருந்துகொண்டு பொங்கலுக்கும் கோயில் விசேஷத்துக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர்களுக்கு வழக்கமாக வருவது, காலிப்பர் ஸ்லைடிங் பின் இறுகிப்போவது. சக்கரத்தோடு சுற்றும் தட்டு டிஸ்க், அதை இருபுறமும் அழுத்துவது பேடு, பேடை அழுத்தும் கவ்வி காலிப்பர், அந்தக் கவ்வி நகர்ந்து கொடுக்க இருப்பது இந்தப் பின்.

இடப்பக்கம் இழுத்தால் எல்லாரும் இடது சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். பல நேரம் கோளாறு வலதில் இருக்கும். அது பிடிக்காததால் இடது மட்டும் பிடித்து வண்டியைத் திருப்புகிறது. கூட்டமில்லாத நேரமாகக் கானாடுகாத்தான் பக்கம் மெதுவாகப் போய், நாலைந்து முறை பிரேக் பிடித்து, முன் ரிம்களுக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள். சூடு குறைந்த பக்கம் வேலை செய்யவில்லை. பிரேக்கே தொடாமல் ஓட்டியும் ஒரு பக்கம் கொதித்தால், அது பிடித்ததை விடவில்லை.

கழற்றினால் பேடே சொல்லிவிடும். உள் பேடு தேய்ந்து வெளிப் பேடு தடியாக இருந்தால் ஸ்லைடிங் பின் இறுகியிருக்கிறது. துருவை எடுத்துவிட்டு பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸில் பின்னைச் சுற்றிய ரப்பர் உப்பி மறுபடி இறுகும். பேடு 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் இடது, வலது இரண்டு சக்கரத்திலும் சேர்த்தே மாற்றுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தும் சுற்றாத சக்கரம், பிளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்ததும் சுற்றினால், ஆயில் வரும் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது.

உதறல் டிஸ்க்கில். பேடு அழுந்தி நின்ற இடத்தில் துருத் தடம் விழுந்திருக்கும். லேசானது ஓட ஓடப் போகும். போகாவிட்டால் டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைக்க வேண்டும். 0.1 மி.மீ. ஆட்டமே அதிகம். கடைசலுக்குக் கொடுக்குமுன் டிஸ்க்கில் அடித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பாருங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால் அது ஆக்ஸில். பூட் என்கிற ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தை ஒட்டிய ஆக்ஸில் மூட்டான வெளி சிவி ஜாயிண்டுக்குள் செம்மண் ஏறியிருக்கும்.

அலைன்மெண்ட் கடைக்காரர்களைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மெஷின் பொய் சொல்லாது. ஆனால் முதலில் ஜாக்கி போட்டு, சக்கரத்தின் இரு பக்கமும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை), மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எண்களெல்லாம் பச்சையாக வந்த தாளைக் கையில் கொடுப்பது வேலையே இல்லை.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், பின் சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஸ்டார்ட் மட்டும் பண்ணச் சொன்னால் போதாது. வாரம் ஒருமுறை தெருக்கோடி வரை ஓட்டி, பிரேக் பிடித்து, திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.