மசக்கை முதல் டயபர் வரை: எல்லையோர ஊர்களின் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, தமிழகமும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் ஊர்களிலிருந்து வந்தவை. கர்ப்பகாலத் தொல்லைகளும், பிறந்த குழந்தைக்கு எதைக் கட்டுவது என்ற குழப்பமும் அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருக்கின்றன. “இதையெல்லாம் போய் டாக்டரிடம் சொல்லலாமா” என்ற தயக்கமும் பல வரிகளில் தெரிகிறது. தாராளமாகச் சொல்லலாம். அதனால்தான் சில கடிதங்களுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு இது மூன்றாவது மாதம். தினமும் விடியற்காலையில் ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். வளைவுகள் ஆரம்பித்ததுமே வாந்தி தொடங்கிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் இன்னும் மோசமாகிறது. “மசக்கை எல்லாருக்கும் வருவதுதானே” என்கிறார் என் மாமியார். வேலையை விடும் நிலையில் நாங்கள் இல்லை. என்ன செய்வது? – வாசகி, கம்பம்

பதில்: மசக்கை பெரும்பாலானோருக்கு வருவது உண்மைதான். ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பதினாறாவது வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் எல்லாருக்கும் வருகிறது என்பதற்காக அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை.

வெறும் வயிற்றோடு வண்டியேறுவதுதான் உங்கள் வாந்திக்குப் பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். படுக்கையை விட்டு எழும் முன்பே இரண்டு ரஸ்க், பொரி, வறுத்த கடலை என ஏதாவது உலர்ந்த பண்டத்தை மெல்ல மென்று தின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இடையிடையே சிறு மடக்குகளாகக் குடியுங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் இதற்கு மிகவும் ஏற்றது. இஞ்சி பலருக்கு உண்மையிலேயே குமட்டலைக் குறைக்கிறது. ஜீப்பில் முன் இருக்கையைக் கேட்டு வாங்கி, பார்வையைத் தூரத்துச் சாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களை அளவுக்கு மேல் திணித்துச் செல்லும் வண்டியில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதங்களில் கட்டாயம் வேண்டியது போலிக் அமிலம்தான். அரசுத் திட்டத்தின்படியும் இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்துதான் தினமும் கொடுக்கப்படுகிறது. உங்களுக்கு ரத்தசோகை இருந்து, அதனால் மருத்துவர் முன்கூட்டியே தொடங்கியிருக்கலாம். எனவே நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். உணவு மாற்றத்தால் வாந்தி அடங்காவிட்டால், டாக்ஸிலமினும் பைரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நீண்ட காலமாகக் கொடுக்கப்பட்டு வரும், கருவுக்குத் தீங்கு செய்யாத மருந்து அது. தூக்கம் வரவழைக்கும் என்பதால் எந்த வேளையில் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏலச்செடிக்கு இலைப்பேனும் தண்டுதுளைப்பானும் அடிக்கடி வருவதால் தோட்டங்களில் திரும்பத் திரும்பப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். கர்ப்பகாலம் முழுவதும் மருந்து கலக்கும் வேலையும் அடிக்கும் வேலையும் உங்களுக்கு வேண்டாம். மருந்து அடித்து ஈரம் காயாத செடிகளுக்குள் காய் எடுக்கவும் போகாதீர்கள். கண்காணியிடம் கர்ப்பமாக இருப்பதை மறைக்காமல் சொல்லி, வேறு பகுதியில் வேலை கேளுங்கள். வீடு திரும்பியதும் கைகால் கழுவி, வேலைத் துணியை மாற்றிய பிறகே சாப்பிட உட்காருங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

எதைக் குடித்தாலும் வெளியே வருவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது அல்லது மிகவும் அடர்நிறமாகப் போவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது, எடையில் இருபதில் ஒரு பங்கு குறைவது, அதாவது 50 கிலோ இருந்தவர் 47.5 கிலோ ஆவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைய வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது சாதாரண மசக்கை அன்று. நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். இந்தப் பத்தியை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எட்டாம் மாதம் நடக்கிறது. மாலையானால் கால் வீங்குகிறது, இரவில் நெஞ்செரிச்சல், விடியற்காலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. உப்பையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்குச் சோடா குடிக்கிறேன். அடுத்த மாதம் பிரசவத்துக்குச் செங்கோட்டையில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறேன். – வாசகி, ஆரியங்காவு

பதில்: தண்ணீரைக் குறைக்காதீர்கள். சாதாரணக் கால்வீக்கத்துக்கு உப்பைக் குறைப்பதாலும் பயன் இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்றவற்றை அளவோடு வைத்துக்கொண்டால் போதும். கனத்த கருப்பை இடுப்பிலுள்ள ரத்தக்குழாய்களை அழுத்துவதால் மாலையில் கணுக்கால் வீங்கி, இரவு படுத்து எழுந்ததும் வடிந்துவிடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும், உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதும் உதவும்.

கவலைப்பட வேண்டிய வீக்கம் வேறு விதமானது. காலையிலேயே முகம் ஊதியிருக்கும், கைவிரலில் மோதிரம் இறுகும். அதோடு விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்றில் வலி ஆகியவையும் வரக்கூடும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ரத்த அழுத்தம் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும், தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாகச் சொன்ன அரிப்பை வெறும் சூடு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

சோடாவை நிறுத்திவிடுங்கள், அதிலுள்ள வாயு வயிற்றை உப்பவைத்து அமிலத்தை மேலே தள்ளும். சோடா உப்பு கலந்து குடிப்பதும் கூடாது. இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுங்கள். மருத்துவர் தரும் அமிலமுறி மருந்தை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் டீ, காபிக்கும் இதே விதிதான். கெண்டைக்கால் பிடிக்கும்போது முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கமாக மடக்கிப் பிடித்தால் விட்டுவிடும்.

மாநிலம் மாறிப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் மருத்துவக் குறிப்புகளை விட்டுவிட்டுப் போவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தாய்–சேய் அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ரத்த வகை, இதுவரை எடுத்த ரத்த அழுத்த அளவுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக் கையோடு கொண்டு போங்கள். செங்கோட்டை போய்ச் சேர்ந்த வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்துப் பதிவு செய்து, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆடியில் பிரசவம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்து வீட்டில் மழைக்காலத்தில் துணியே காயாது. நான் என் பிள்ளைகளைப் பழைய வேட்டித் துணி கட்டித்தான் வளர்த்தேன். மருமகன் டயபர் வாங்கிவிடலாம் என்கிறார். டயபர் கட்டினால் கால் வளைந்துவிடும், உடம்பு சூடாகும் என்று பக்கத்து வீடுகளில் சொல்கிறார்கள். – வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: கால் வளையாது. கருப்பைக்குள் மடங்கிக் கிடந்ததால் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் கால் சற்று வளைந்தே இருக்கும். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் தானாக நிமிர்ந்துவிடும். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். துணியோ டயபரோ, எதைக் கட்டினாலும் குழந்தை முழங்காலை மடக்கித் தவளைபோல் விரித்து வைத்துக்கொள்ள இடம் இருக்க வேண்டும். சூடு என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் தோலில் வரும் சிவப்பைத்தான்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டையும் கலந்து பயன்படுத்துவதை. முதல் வாரத்தில் பகலில் துணியே கட்டுங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்பதை, ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும். டயபர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வதால் புதிதாகத் தாயானவருக்கு அந்தக் கணக்கு பிடிபடாது. முதல் இரண்டு நாள் மலம் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பச்சையாகி மஞ்சளாகும். பெண்குழந்தையாக இருந்தால் முதல் வாரத்தில் ஒரு துளி ரத்தம்கூடத் துணியில் படலாம். தாயின் ஹார்மோன் குறைவதால் வருவது அது, பயப்பட வேண்டாம். இவையெல்லாம் வெள்ளைத் துணியில் தெளிவாகத் தெரியும். இரவிலும், தடுப்பூசிக்கு வெளியே போகும்போதும், துணி காயாத நாள்களிலும் டயபர் கட்டுங்கள். எதுவானாலும் தொப்புள்கொடி விழும்வரை மேல்விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள்.

துணிக்கு நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி வேட்டியே சிறந்தது. மழைக்காலம் என்பதால் மூன்று டஜனாவது கிழித்து ஓரம் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும் பழந்துணியில் பாச்சை உருண்டை வாசனை இருந்தால் அதைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் ரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது பிறந்தவுடன் யாருக்கும் தெரிந்திருக்காது.

மலத்துணியை முதலில் அலசி, சாதாரணச் சோப்பில் துவைத்து, கொதிநீரில் ஊறவைத்து, சோப்பு முழுதும் போகுமாறு இரண்டு முறை அலசுங்கள். கிருமிநாசினித் திரவத்தில் முக்கிக் காயவைக்கும் வழக்கம் வேண்டாம். அதன் மிச்சம் தோலை எரிக்கும். காயாத துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவது லயங்களில் வழக்கம். சிறிய வீட்டில் புகையும் தீ ஆபத்தும் சேர்ந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் தேய்த்து ஈரத்தைப் போக்குங்கள். தொட்டுப் பார்க்கும்போது சில்லென்று இருக்கும் துணி இன்னும் காயவில்லை என்று பொருள். அதைக் கட்டினால் பூஞ்சைப் புண் வரும்.

டயபரை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் உடனே மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்கியது முழுதும் நிரம்பட்டும் என்று காத்திருப்பதால்தான் பெரும்பாலான புண்கள் வருகின்றன. அந்தக் காத்திருப்புக்குக் காசுத் தட்டுப்பாடே காரணம் என்றால், டயபர் எண்ணிக்கையைக் குறைத்துத் துணியைக் கூட்டுங்கள். பயன்படுத்தியதை மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, சுருட்டி ஒட்டி, காகிதத்தில் பொதிந்து தனிக் குப்பையாகக் கொடுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்வதும் இதைத்தான். ஓடையில் வீசினால் அது பெரியாற்றுக்குப் போகும். எரித்தால் பிளாஸ்டிக் புகை குழந்தையின் மூச்சுக்கே வரும்.

கேள்வி: முதல் குழந்தை. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஐந்து கட்டு டயபர் வாங்கி வைக்கலாமா? – வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டாம். டயபர் அளவு வயதைப் பார்த்து வருவதன்று, எடையைப் பார்த்து வருவது. பிறந்த குழந்தைக்கான அளவு பெரும்பாலும் 5 கிலோ வரைதான். நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை இரண்டு மூன்று மாதத்தில் அதைத் தாண்டிவிடும். முதலில் ஒரு சிறு கட்டு மட்டும் வாங்குங்கள். தொடையில் சிவந்த கோடு விழுந்தாலோ, முதுகுப்பக்கம் கசிந்தாலோ அடுத்த அளவுக்கு மாற வேண்டும். வாசனை சேர்த்ததைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்கு டயபர் கட்டும் இடத்தில் சிவந்து புண்ணாகிவிட்டது. பவுடர் போட்டும் ஆறவில்லை. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டு நாளில் குறைந்து, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்தக் களிம்பை இனித் தடவ வேண்டாம். குழாயின் மேல் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள், டயபருக்கு அடியில் இன்னும் அதிகமாக உடம்பில் ஏறி, தோலை மெலியவைக்கும். புண் உடனே குறைவதுபோல் தோன்றி மீண்டும் வருவது அவற்றின் இயல்பு. பவுடரையும் நிறுத்துங்கள், தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும், ஈரத்தோடு சேர்ந்து மடிப்புகளில் கட்டியாகித் தோலை உராயும்.

உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிறது. அது நல்ல மருந்து. தினமும் சில வேளையாவது கால் மணி நேரம் ஒரு பருத்தித் துணியின்மேல் குழந்தையை எதுவும் கட்டாமல் படுக்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்ஸைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை மாற்றும்போது மிச்சம் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் மேலேயே பூசலாம்.

சிவப்பு மடிப்புகளுக்குள் இல்லாமல் மேடான இடங்களில் மட்டும் இருந்தால், அது ஈரத்தால் வந்தது. இரண்டு மூன்று நாளில் ஆறும். தொடை மடிப்புக்குள்ளேயே ஆழ்ந்த சிவப்பாக இருந்து, சுற்றிலும் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது பூஞ்சை; அதற்கான களிம்பைக் குழந்தை மருத்துவரே எழுதித் தர வேண்டும். கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். போகும்போது மருந்துக்கடையில் வாங்கிய அந்தக் குழாயையும் எடுத்துப் போங்கள். எத்தனை நாள், எந்தெந்த இடத்தில் தடவினீர்கள் என்பதை மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும்.