சாணை பிடித்த பிளேடு நாயின் தோலைக் கிழித்தால் யார் பொறுப்பு?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் சொந்தப் பெயரில் பதிவு செய்து நாய்களுக்கு முடி வெட்டும் கடை நடத்துகிறேன். ஆறு கிளிப்பர் பிளேடுகளைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். பிளேடு வகை எண்படி, 10ஆம் எண் இரண்டு, 30ஆம் எண் ஒன்று, 7எஃப் மூன்று. ஒன்றுக்கு 25 ரிங்கிட், மொத்தம் 150. 30ஆம் எண்ணில் இருந்தது செராமிக் கட்டர் (மேலே ஓடி வெட்டும் பகுதி, பீங்கான் வகை). அது பல் உடைந்து வந்தது. 10ஆம் எண் பிளேடு ஒரு பூடிலின் வயிற்றுத் தோலைக் கிழித்தது. மறுநாள் அதே பிளேடு ஒரு ஷிட்சுவையும் கிழித்தது. மருத்துவச் செலவு 280, 190 ரிங்கிட். சாணைக்காரர், "ரசீதில் சேதத்துக்குப் பொறுப்பல்ல என்று போட்டிருக்கிறது. பிளேடுகளைக் கொண்டு வாருங்கள், மறுபடி பிடித்துத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்குப் பிளேடுகளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். மறுபடி தேய்த்தால் உங்கள் சாட்சியமும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

முதலில் பிளேடைப் பாருங்கள். அடியில் நகராத சீப்பு, மேலே ஓடும் கட்டர். கட்டரின் பல் முனைகள் எப்போதும் சீப்பின் பல் முனைகளுக்குச் சற்றே பின்னால் நிற்க வேண்டும். சாணை பிடித்துத் திரும்பப் பூட்டும்போது கட்டர் முன்னால் தள்ளி இருந்தால், முடிக்கு முன்பே தோல் சிக்கும். வயிறு, காதோரம், கால் இடுக்கு போன்ற மெல்லிய தோலில் இது எளிதில் காயமாகும். பூடிலுக்கு நடந்தது இதுதானா என்று ஒரு நெருக்கமான படமே சொல்லிவிடும். பற்களுக்கு நேர் எதிராகவும் பக்கவாட்டிலும், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். திருகைத் தளர்த்தாதீர்கள், தொட்டுவிட்டால், "நீங்களே நகர்த்தினீர்கள்" என்பார்.

7எஃப் மூன்றும் முடியை இழுத்தால் காரணம் வேறாக இருக்கலாம். சரியாகத் தேய்த்த பரப்பின் நடுவே மெல்லிய பள்ளம் இருக்கும். பல் முனைகளும் பின்விளிம்பும்தான் ஒன்றையொன்று தொடும். தட்டைக் கல்லில் தேய்த்தால் அந்தப் பள்ளம் போய்விடும். முடி வெட்டுப்படாமல் இடையில் மடியும். ஸ்பிரிங் இறுக்கம் குறைந்தாலும் இதே குறைதான். அதிகமானால் பிளேடு சூடேறும். ஒரு பிளேடின் கட்டரை இன்னொன்றின் சீப்போடு மாற்றிப் பூட்டியிருந்தாலும் இழுக்கும். செராமிக்கைச் சாதாரண உராய்வுப் பொடியில் பிடிக்க முடியாது, வைரப் பொடி வேண்டும். அது தெரியாமல் கைவைத்தது அவர் திறமைக் குறைவு. வேறொரு சாணைக்காரரிடம் காட்டி, ஒவ்வொரு பிளேடிலும் என்ன குறை என்று எழுத்தில் கையொப்பத்தோடு வாங்குங்கள். வாய்வார்த்தை எடுபடாது.

அடுத்து, எங்கே போவது? பலரும் உடனே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தைச் சொல்வார்கள். 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், கட்டணமும் 5 ரிங்கிட்தான். ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகப் பொதுவாக வாங்கப்படும் பொருள், சேவைகளுக்கானது. தொழில் பிளேடுகளைச் சாணை பிடிப்பது அதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் நாள்களை வீணாக்காமல், மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியை எடுங்கள் என்பேன். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆவது ஆணைப்படி 5,000 ரிங்கிட் வரை கோரலாம். 198ஆம் படிவத்தை நீங்களே நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது (வழக்கறிஞர்களான எங்களுக்கு இதில் வருமானம் இல்லை, ஆகவே நம்பலாம்). இந்த வழி தனிநபருக்கு மட்டுமே; கடை செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக இருந்திருந்தால் கதவு மூடியிருக்கும்.

ரசீது வாசகம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிளேடைக் கொடுத்து, விலை பேசி முடித்த பிறகு கைக்கு வந்த ரசீதில் இருக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது. முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், எந்தப் பொறுப்பும் இல்லை என்று முழுசாகக் கைகழுவும் வாசகத்தை, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 29ஆவது பிரிவின் கீழ் செல்லாது எனக் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கிக் கடன் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதே சட்டத்தின் 104ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடைந்த செராமிக்குக்கு இதுவே போதும்.

தொகையில் பேராசை வேண்டாம். உடைந்த கட்டருக்கு அதன் அப்போதைய மதிப்பைக் கேளுங்கள்; பழைய பிளேடுக்குப் புது விலை கிடைக்காது. ஒரே பிளேடுக்கு மாற்று விலையும் சாணைக் கூலியும் சேர்த்துக் கேட்க முடியாது. பூடிலின் 280 ரிங்கிட்டைக் கேளுங்கள், 74ஆவது பிரிவின்படி அது இயல்பாக விளைந்த நட்டம். ஷிட்சுவின் 190? அதை நான் சேர்க்க மாட்டேன். முதல் நாள் கிழித்த பிளேடை மறுநாள் இன்னொரு நாய் மேல் வைத்தது நீங்கள். பூடில் விஷயத்திலும், சாணையிலிருந்து வந்த பிளேடைச் சோதிக்காமல் போட்டீர்களா என்ற கேள்வி வரும். சோதித்துப் பார்த்திருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் பொய் சொல்லாதீர்கள்.

நாய்களின் உரிமையாளர்களுக்கு நீங்களே பொறுப்பு. அவர்கள் ஐயமின்றிப் பயனீட்டாளர்கள். மூன்றாண்டுக்குள் உங்களை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். "சாணைக்காரரைக் கேளுங்கள்" என்று அனுப்ப முடியாது. மருத்துவச் செலவைக் கொடுத்து, முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். அந்தத் தாளே சாணைக்காரர் மேல் உங்கள் கோரிக்கைக்கு ஆதாரம்.

இனி, 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கடிதம், பதிவுத் தபாலில். படங்கள், மற்ற சாணைக்காரரின் குறிப்பு, ரசீது, மருத்துவ பில் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். பிளேடுகளை எப்போது வேண்டுமானாலும் உங்கள் கடையில் வந்து பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். பணம் வராவிட்டால், அந்தக் கடிதத்தோடு படிவத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவகத்துக்குப் போகலாம்.