"நீ யார்?" என்று கேட்டால் முழிக்கும் யுஎஸ்பி

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஆர்டுயினோ நானோ என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் 'அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்' என்கிறது. அதன் யுஎஸ்பி சிப்பான சிஎச்340-இன் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, மூன்று முறை போட்டுவிட்டேன். (மாணவர், குரோம்பேட்டை)

முப்பது முறை போட்டாலும் அதே கதைதான். டிரைவருக்கு இன்னும் முறையே வரவில்லை. போர்டைச் செருகியதும், அதிலுள்ள 1.5 கிலோ ஓம் தடை ஒரு டேட்டா கம்பியை மேலே இழுக்கும். யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் தெரியும். ரீசெட் கொடுத்து "நீ யார்?" என்று கேட்கும். போர்டு 18 பைட்டில் தன் ஜாதகத்தை ஒப்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும், அதாவது விஐடியும் பிஐடியும், அதில்தான் இருக்கின்றன. சிஎச்340 என்றால் வழக்கமாக 1ஏ86, 7523. அந்த எண்கள் கைக்கு வந்த பிறகுதான் விண்டோஸ் டிரைவரையே தேடும்.

டிவைஸ் மேனேஜரில் அந்த வரியின் பிராப்பர்டீஸில் டீட்டெயில்ஸ் போய், ஹார்டுவேர் ஐடி பாருங்கள். விஐடி 0000, பிஐடி 0002 என்று இருந்தால் போர்டு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை; அது விண்டோஸ் தானாக ஒட்டிய எண். கூடவே 'கோட் 43' என்ற பிழை எண்ணும் நிற்கும். முதலில் வேறு கேபிள். அப்புறம் ஹப்பைத் தவிர்த்து நேராகக் கம்ப்யூட்டரில். பிறகு போர்டில் மாட்டிய மோட்டார், சென்சார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் போர்டு. வேறு கம்ப்யூட்டரிலும் இதே பாட்டு என்றால், யுஎஸ்பி சாக்கெட்டின் சால்டரிங்கையும் சிப்பையும் சந்தேகப்படலாம். வாங்கிய கடையில் மாற்றிக்கொள்வதே நல்லது.

போர்டில் லைட் எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் 'டிங்' சத்தம்கூட இல்லை. (வேளச்சேரி)

கேபிள்தான். இப்படி ஒன்றை நான் வெட்டிப் பார்த்தேன்: சிவப்பு, கறுப்பு, இரண்டே கம்பி. பச்சையும் வெள்ளையும் போட்டிருந்தால்தானே பேச்சு நடக்கும்? அது சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிள். இரண்டு நோய்க்கும் வித்தியாசம் இதுதான்: சத்தமே இல்லை என்றால் ஆள் வந்ததே தெரியவில்லை, 'அன்னோன்' என்றால் வந்த ஆளுக்கு வாய் வரவில்லை.

எங்கள் கடையில் யுஎஸ்பி கேபிளில் மாட்டிய எடை மெஷின் காம்3 என்ற போர்ட் நம்பரில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்குத் துடைத்து மாட்டியதும் காம்7 ஆகிவிட்டது, பில்லிங்கில் எடை வரவில்லை. (பாரிமுனை)

பையன் வேறு ஓட்டையில் செருகியிருப்பான். யுஎஸ்பி கேபிளின் சிப்பில் தனிச் சீரியல் எண் இருந்தால், எங்கே மாட்டினாலும் விண்டோஸ் அதைப் பழைய ஆள் என்று அடையாளம் கண்டுகொள்ளும். சிஎச்340 கேபிள்கள் பலவற்றில் அது கிடையாது. அதனால் எந்த ஓட்டை என்பதை வைத்தே நினைவு வைக்கிறது. ஓட்டை மாறினால் புது ஆள், புது நம்பர். பழைய ஓட்டையிலேயே மாட்டுங்கள். அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டால் அடுத்த பூஜைக்கும் குழப்பம் வராது. இல்லையென்றால் எஃப்டிடிஐ என்ற வேறு கம்பெனியின் சிப் உள்ள கேபிள் வாங்குங்கள்; விலை கூடுதல்தான், ஆனால் பெரும்பாலும் சீரியல் எண் இருக்கும்.

பழைய டேட்டா கார்டை (இன்டர்நெட்டுக்கான யுஎஸ்பி மோடம்) செருகினால் லினக்ஸில் சிடி டிரைவாகத் தெரிகிறது. கெட்டுவிட்டதா? (பெரம்பூர்)

இல்லை. அந்தக் காலத்தில் டிரைவரை உள்ளேயே வைத்து விற்பதற்காக, முதலில் சிடி என்று சொல்லிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலை நிறுவுங்கள். அது ஒரு கட்டளை அனுப்பியதும் கார்டு கழன்று, மறுபடி மோடமாக வந்து நிற்கும். செருகிய யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் முன்னும் பின்னும் பாருங்கள், பெரும்பாலும் பிஐடி மாறியிருக்கும்.