அமெரிக்காவுல அவ்ளோ வித்த ஓல்ட்ஸ்மொபைல் கார் ஏன் காணாம போச்சு?

டீசல் இஞ்சின்தான் பெரிய காரணம்னு நான் சொல்வேன். 1897ல ரான்சம் ஓல்ட்ஸ் மிச்சிகன்ல ஆரம்பிச்ச கம்பெனி, 1908ல ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போச்சு. அவங்க கார்கள்ல விலை குறைஞ்ச செவ்ரலேவுக்கு மேல, விலை உசந்த காடிலாக்குக்குக் கீழ, நடுத்தர விலை. 1940 மாடல்ல ஆட்டோமேட்டிக் கியர், 1949ல ராக்கெட்ங்கற வி8 (எட்டு சிலிண்டர்) இஞ்சின்னு பல புது விஷயம் இதுல சீக்கிரமே வந்துச்சு, 1976ல இதோட கட்லஸ் மாடல்தான் அமெரிக்காவுலயே அதிகமா வித்த கார்!

1978ல டீசல் வி8 விட்டாங்க. டீசல்ல கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்கறது, ரொம்ப அதிகம், ஆனா சிலிண்டர் மூடியை இறுக்கிப் பிடிக்கற ஹெட் போல்ட்டை பெட்ரோல் இஞ்சின்ல இருந்த மாதிரியே எண்ணிக்கை கூட்டாம விட்டுட்டாங்க, அதனால போல்ட் இழுபட்டு, கசிவைத் தடுக்கற கேஸ்கட் போய், இஞ்சினைக் குளிர வைக்கற கூலன்ட் சிலிண்டருக்குள்ள இறங்கிடும், டீசல்ல கலந்த தண்ணியப் பிரிக்க ஃபில்டரும் வைக்கல. நம்பி வாங்கினவங்க பாவம், நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு. அப்புறம் 80கள்ல ஜெனரல் மோட்டார்ஸோட ப்யூக், பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பாடி, லோகோ மட்டும் வேற, அப்போ ஹோண்டா டொயோட்டா பக்கம் ஜனங்க போகாம என்ன செய்வாங்க.

2000 டிசம்பர்ல மூடப்போறோம்னு அறிவிச்சாங்க. 2004 ஏப்ரல் 29, மிச்சிகன்ல இருக்கற லான்சிங்ல கடைசி ஓல்ட்ஸ்மொபைலா ஒரு அலெரோ மாடல் கார் வெளிய வந்தப்போ தொழிலாளிங்க பானெட்டுக்கு அடியில கையெழுத்து போட்டு அனுப்பினாங்க.