நம் சொந்த நம்பிக்கைகள் வாழ்க்கையை நாம் பார்க்கும் விதத்தை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகின்றன?

நம்பிக்கை நம்மைக் காக்கிறதா, கட்டிப்போடுகிறதா, சொந்த அனுபவத்திலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது எங்கள் சின்னத் தாத்தாவின் விரல்கள்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம். அவர் என் தாத்தாவின் தம்பி. லுங்கி நெய்தவர். எனக்கு விவரம் தெரிந்த 1980-களின் தொடக்கத்தில் அவர் தறியில் உட்காருவதை விட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் இறக்கிய ஓலைச் சாய்ப்பில், மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம். தனித் தட்டு, தனிச் சொம்பு. ஆயா, அதாவது என் பாட்டி, சோற்றை எட்ட நின்று போடுவாள். குழம்பைத் தட்டில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவாள். குஷ்டம் என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. 'பெரிய வியாதி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான்.

சில நாள் காலையில் அவர் விரல் நுனியில் ரத்தம் உறைந்திருக்கும். ராத்திரி படுக்கும்போது இருந்த சதை விடியும்போது இருக்காது. "ராத்திரில வியாதி தின்னுது" என்பாள் ஆயா. நான் நம்பினேன். எங்கள் அப்பா நம்பினார். சின்னத் தாத்தாவும் நம்பினார். "போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணனோ" என்று கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார்.

தின்றது எலி.

தொழுநோய்க் கணக்கெடுக்க சைக்கிளில் வந்த ஒரு பணியாளர்தான் அதைச் சொன்னார். காயத்தைப் பார்த்தார், கையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார், அப்புறம் சாய்ப்பைச் சுற்றிப் பார்த்தார். "இங்க எலி இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. மல்லாட்டைக்காக வரும் எலிகளைப் பிடிக்க ஆயாவே அதே சாய்ப்பில் பொறி வைத்திருந்தாள். தினமும் காலையில் பொறியையும் பார்த்தோம், விரலையும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம் ஏற்கெனவே தெரியும் என்று இருந்தவர்கள் வேறு காரணத்தை எதற்குத் தேடப்போகிறோம்?

பூனை வளர்க்கச் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

இதே வேலூரில் இதை மருத்துவமாகக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயாளியின் சதை தானாக அழுகும், அதை அறுத்தால் ஆறாது என்று அப்போது மருத்துவர்களே நம்பினார்கள். தன்னால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை, தொழுநோய் உள்ள ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டதை அவர் பார்த்தார். அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் நரம்பைக் கெடுக்கிறது. உணர்வு போகிறது. பிறகு சூடான பாத்திரமும் ஆணியும் எலியும் விரலைக் கொண்டுபோகின்றன. இது புரிந்த பிறகு, மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசைநாரை மாற்றிப் பொருத்தி நீட்டவும் மடக்கவும் வைத்தார். காயங்கள் ஆறின. இரவில் எலி கடிக்காமல் இருக்க நோயாளிகளுக்குப் பூனையைக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான். காட்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கரிகிரி மருத்துவமனை இந்தப் பணிக்கென்றே வளர்ந்தது.

எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் நம்பிக்கை தனக்கான சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொண்டது. தொட்டால் ஒட்டும் என்று நம்பியதால் அவரைச் சாய்ப்புக்கு அனுப்பினோம். சாய்ப்பில் எலி கடித்தது. கடித்த விரலைப் பார்த்து, 'பார்த்தாயா, எப்படித் தின்கிறது' என்று இன்னும் தள்ளி வைத்தோம். வெட்கப்பட்டு அவரும் மருந்துக்குப் போகவில்லை. போகாததால் கை இன்னும் மடங்கியது. வெளியிலிருந்து ஒருவர் வராமல் இருந்திருந்தால் அந்தச் சுழல் அப்படியே ஓடியிருக்கும். பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியைத் தாங்கும் இயற்கையான எதிர்ப்பு இருக்கிறது என்பதும், மருந்து தொடங்கிவிட்டால் கொஞ்ச நாளிலேயே தொற்றுவது நின்றுபோகும் என்பதும் எங்களுக்கு யார் சொல்லியும் தெரிந்திருக்கவில்லை.

ஆயாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தன் கொழுந்தனாருக்காக அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். வேலூரில் எல்லோரும் சொல்லும், சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையிலும் இதுதான் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், வெவ்வேறு சமூகத்தவர்கள், பிரசவத்தில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி அந்த இளம்பெண்ணிடம் வந்தார்கள். அவள் மருத்துவர் இல்லை. மருத்துவரான அவள் அப்பா வருவதாகச் சொன்னார். ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். மனைவி மேல் அன்பில்லாதவன் நடுராத்திரியில் உதவி தேடி வருவானா? அன்பு அவர்களை வாசல்வரை கூட்டிவந்தது, அதற்கு மேல் நம்பிக்கை விடவில்லை. அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கவும் வைத்தது.

சரி, இதெல்லாம் தெரிந்த நான் மாறிவிட்டேனா?

என் அம்மாவுக்கு 18 வருடமாகச் சர்க்கரை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் அவளுக்கு உயிர். கோயிலிலிருந்து எடுத்துப் பக்கத்துச் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-ல் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்ததை நேற்று நடந்ததுபோலச் சொல்வாள். மூன்று வருடத்துக்கு முன் சித்திரையில், உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி வந்தாள். வேலூர் வெயிலில் கருங்கல் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் உள்ளங்காலில் கொப்புளம். "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இல்லியே" என்றாள். நிம்மதியாகிவிட்டேன். வலித்தால்தான் காயம் என்ற நம்பிக்கை எனக்குள் அவ்வளவு ஆழமாக இருந்தது. ஒன்பதாம் நாள் வாடை வந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"வலி இல்லன்னா நீங்க சந்தோஷப்பட்டிருக்கக் கூடாதுங்க" என்றார் மருத்துவர். சர்க்கரையிலும் காலில் உணர்வு போகும், தொழுநோயில் கற்றதைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் செய்கிறார்கள் என்றும் சொன்னார். எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். தொழுநோயாளிகளுக்குச் செய்த அதே மெத்தென்ற ரப்பர்.

சின்னத் தாத்தா 1991 வரை இருந்தார். மருந்து சாப்பிட்டார், சாய்ப்பிலிருந்து திண்ணைக்கு வந்தார். ஆயா தன் கையாலேயே பூனைக்குப் பால் வைத்தாள். குழம்பை மட்டும் கடைசிவரை உயரத்திலிருந்துதான் ஊற்றினாள்.

அம்மா வீட்டுக்குள் செருப்புப் போட முதலில் ஒப்பவில்லை. இப்போது பூஜை அறை வாசல்வரை போட்டுக்கொள்கிறாள், அங்கே கழற்றிவிடுகிறாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தினமும் ராத்திரி அவள் காலை மடியில் வைத்து செல்போன் வெளிச்சத்தில் பார்க்கிறேன். "ஒண்ணும் இல்லடா, இன்னா தேடற?" என்பாள். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்த பிறகுதான் காலை இறக்கி வைப்பேன்.